காய்ந்த புண்

ஜூன் 9, திங்கள்

இன்று டாக்டரின் அறையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "போட்டான்."

டாக்டர் தேவசகாயம் அண்ணனின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது, விபத்து நடந்ததிலிருந்து மூடாமல் கசிந்துகொண்டிருந்த ஓட்டை, இன்று காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிருக்கே. கிருமி மாத்திரை எதுவும் போட்டாரா? டெஸ்ட் முடியுற வரைக்கும் தொடவே கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"ஒண்ணும் போடல சார்" என்றாள் அம்மா. "உலகம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன். அவ காய வச்சுட்டா."

"அப்ப அம்மனுக்கு இங்க ஒரு வேலை போட்டுக் குடுத்துர வேண்டியதுதான்" என்று சிரித்தார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரேக்களைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்து வருபவள் நான் என்பதால், சந்தேகம் என்றால் என்னைத்தான் பார்ப்பார். நான் உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மறுபடியும் உள்ளே செருகினேன்.

மதியம் அண்ணனுக்கு மயக்க ஊசி போட்டு, முறிந்த இடத்திலிருந்து எலும்புத் துணுக்குகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியும் எலும்பு கூடாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இடத்தில் உயிரோட்டம் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி வைத்துத் தகடு போட்டால் போதும். அல்லது உள்ளே கிருமி குடியிருக்கலாம். அப்படியென்றால் கெட்ட எலும்பை வெட்டி எறிந்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எலும்பை வளர்க்க வேண்டும். ஒரு வருடம் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம்.

"வளையம் வேண்டாம் சார்" என்றாள் அம்மா, அது கடையில் தேர்ந்தெடுக்கும் பொருள் போல.

பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வந்து சேர்ந்தபோது சாரல். கொடியில் கிடந்த துணி எல்லாம் நனைந்துவிட்டது.

ஜூன் 12

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இன்று கூட்டமில்லை. குற்றாலம் சீசனுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினார்கள். வார இதழைப் புரட்டிவிட்டுப் போனார்கள். ஈரம் ஏறிய புத்தகங்களை விசிறியின் கீழ் விரித்து வைத்தேன். உடம்பில் தழும்பு விடாமல் ஆறக்கூடியது எலும்பு என்று ஒரு மருத்துவ நூலில் இருந்தது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு நாராகும், பிறகு எலும்பாகும். கடைசியில் எங்கே முறிந்தது என்று எலும்புக்கே தெரியாது. நன்றாக இருக்கிறது.

பரிசம் போட்ட அன்றைய நிழற்படங்கள் வந்திருக்கின்றன. அம்மா அவற்றைத் தெரு முழுக்கக் காட்டி முடித்துவிட்டாள். பாபநாசத்து மாமா வீட்டில் பெண் எடுத்து, அதே வீட்டுக்குப் பெண் கொடுக்கிறோம். வடிவு அண்ணனுக்கு. வடிவின் அண்ணன் நயினாருக்கு நான். ஆவணியில் ஒரே பந்தலில் இரண்டு மணை. இந்த மாதிரிச் சம்பந்தத்தில் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கமும் நிற்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

படங்களில் அண்ணன் வெள்ளை வேட்டியில் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கிறான். பின்னால் தூண் இருப்பது படத்தில் தெரியவில்லை. வேட்டியில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அதற்காகத்தான் அம்மா பழைய மருந்துச் சீட்டைக் கொடுத்து, சிவப்பும் கறுப்புமாக இருக்கும் அந்த மாத்திரைகளை வாங்கிவரச் சொன்னாள். பரிசத்துக்கு முந்தின வாரம் தொடங்கி, தீரும் வரை கொடுத்தோம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், ஒரு விசேஷத்துக்காக எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

பாபநாசம் அணையில் இன்று அரை அடி ஏறியிருக்கிறதாம், நயினார் செய்தி அனுப்பியிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டே ஃபோனில் ஆர்டர் பிடிக்கிறான். ஷாமியானா, நாற்காலி, வாடகைப் பாத்திரம். அவன் லோடு ஆட்டோ கவிழ்ந்ததும் நூறு நாற்காலிகளோடுதான். நாற்காலி எல்லாம் தப்பித்தது, தன் கால் மட்டும் சிக்கியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"ஏட்டி உலகு, பந்தல்காரன் கல்யாணத்துக்குப் பந்தல் யாருட்டி போடுவா?"

"நீயே படுத்துக்கிட்டுப் போடு."

"போட்டுருவேன். மாமா வீட்டுக்காரங்க வாடகை பேசுதப்பதான் எனக்குச் சங்கடம். மாப்பிள்ளை முறுக்கக் காட்டவா, பந்தல்காரன் முறுக்கக் காட்டவா?"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அந்த மாத்திரை மிச்சம் கெடக்கா? அது போட்டப்ப ராத்திரி தூங்குனேன். இப்ப எலும்புக்குள்ள என்னமோ எறும்பு ஊருத மாதிரி இருக்கு."

"தீர்ந்துட்டு" என்றேன். உண்மையும் அதுதான்.

ஜூன் 18

சோதனை முடிவு வந்துவிட்டது. கிருமி எதுவும் வளரவில்லை. ரத்தப் பரிசோதனையும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறதாம். 24ஆம் தேதி ஆப்பரேஷன். இடுப்பெலும்பு, தகடு. வளையம் இல்லை. அம்மா பாயசம் வைத்தாள். நான் இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நூலகத்துக்கு விடுமுறை. ரத்தம் கொடுப்பவர்கள் விவரத்தைப் பதிய நான் மட்டும் பாளையங்கோட்டை போனேன். எலும்புப் பிரிவில் எஸ்தர் சிஸ்டர் யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கணவருக்குத் தொடையெலும்பு.

"டெஸ்ட்டுக்கு முந்தி மாத்திரைய அள்ளிக் குடுத்தா கிருமி செத்தா போவும்? பதுங்கிக்கிடும்மா! டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வரும். டாக்டரும் அத நம்பி நல்ல எலும்பக் கொண்டு உள்ள வைப்பாரு. அது அம்புட்டையும் அரிச்சுத் தின்னுரும். நல்லவேளை, இப்பயாவது வாயத் தொறந்து சொன்னிய. தள்ளி வச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கலாம். சொல்லாம இருந்தா காலுல்லா போயிருக்கும்!"

எஸ்தர் சிஸ்டருக்குக் குரல் கொஞ்சம் அதிகம். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலங்குளம் வரை கையில் புத்தகம் திறந்திருந்தது. ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை போலிருக்கிறது.

ஜூன் 21

ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம். அந்தப் பெண்ணின் கணவருக்குச் சர்க்கரையும் இருந்திருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதை எடுத்து வைத்தேன். பிளாஸ்க், பழைய வேட்டிகள், கொசுவத்தி, அண்ணனின் சார்ஜர். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணனுக்குக் கால் துடைத்துவிட்டேன். பொருக்கின் ஓரத்தில் தோல் பளபளவென்று சிவந்திருந்தது. தொட்டால் சூடு.

"அண்ணே, அந்த மாத்திரை விஷயத்த டாக்டர்ட்ட சொல்லிரலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"இப்பப் போய் சொன்னா?"

"ஆப்பரேஷனத் தள்ளி வைப்பாங்க. மறுபடி டெஸ்ட். ஒருவேளை வளையம்."

"ஆவணி?"

கால் துடைத்த துணியைப் பிழிந்தேன்.

"மாமா ஏற்கெனவே அம்மாட்ட கேட்டாராம், கால் எப்ப சரியாவும், ஆவாதுன்னா இப்பமே சொல்லிருங்கன்னு. வளையத்தப் பாத்தா வடிவத் தருவாரா? அவளத் தரலன்னா ஒன்னய எடுப்பாரா?" அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வடிவு இல்லன்னா வேற ஒருத்தி. ஒனக்கு அப்படி இல்லல்லா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ எங்க சொல்லுவ? தண்ணி மட்டம் எம்புட்டுன்னு ஃபோனப் பாத்துப் பாத்துச் சிரிக்க. நம்ம வீட்டுக் கிணத்துக்குமா மழ பெய்யுது?" அவனே சிரித்தான். பிறகு, "மாத்திரை வாங்கணும்னு சொன்னதும் நீதானட்டி. அம்மா வேண்டாம்னுல்லா சொன்னா, டாக்டர் ஏசுவாருன்னு. நீதான் பீரோவுல சீட்டு கெடக்கு, நான் போய் வாங்கிட்டு வாரேன்னு கொடையத் தூக்கிட்டுப் போன."

அண்ணனுக்கு ஞாபகம் பிசகுகிறது. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

அண்ணனைச் சேர்த்தாயிற்று. மாலையில் டாக்டரின் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே யாரோ இருந்தார்கள். வெளியே சுவரில் எலும்புக்கூட்டின் படம் ஒன்று தொங்குகிறது, பாகங்களின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில். முழுதும் படித்தேன். காத்திருக்கும்போது ஃபோனில் செய்தி வந்தது. நயினார் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். மண்டபத்தின் பின்புறத்திலிருந்து ஆறு தெரியும், நீ அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு மணப்பெண் படித்துக்கொண்டிருந்தால் ஊரே சிரிக்கும். அதுவும் அவருக்குத் தெரியும்.

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். கார் சாவி கையில் இருந்தது.

"என்னம்மா, இன்னும் போகலையா? ஏதும் கேட்கணுமா?"

"ஆமா சார்."

நின்றார். அவசரமே காட்டவில்லை. கைப்பையைக் கீழேகூட வைத்தார்.

"ஆவணிக்குள்ள அண்ணன் நிப்பானா சார்?"

"ஊன்றுகோலோட நிப்பார். தாலி கட்டுறதுக்குக் கைதானே வேணும்." என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். அவர் கார் வாசலைத் தாண்டும் வரை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 24

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வைத்த எலும்பு நல்ல எலும்பு, சிவப்பாக, உயிரோடு இருந்தது என்றார் டாக்டர்.

ஜூலை 6, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று. வெட்டிய கோடு ஒரு நூல்போல இருக்கிறது. இடுப்பில் எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கிறதாம். பாபநாசத்திலிருந்து அத்தையும் வடிவும் பார்க்க வந்தார்கள். வடிவு அண்ணனின் கால்மாட்டில் நின்றுகொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "நாற்காலிக்கெல்லாம் ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டாள். அண்ணன் வலியை மறந்து சிரித்தான். அவனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. வேறொருத்தி என்று சும்மா சொல்லியிருக்கிறான்.

நானும் சிரித்தேன். இந்த வீட்டில் இப்படி எல்லோரும் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆயிற்று. பயந்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. நான் எதற்கும் பயப்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 15

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.

ஜூலை 21

காலையில் அண்ணனின் படுக்கை விரிப்பை அலசும்போது கால் பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம். குழம்பு சிந்தியிருக்கும் என்றாள் அம்மா. கட்டிலில் யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

ஜூலை 24, ஆடி அமாவாசை

மறுபடியும் எறும்பு, இந்த முறை நிஜமாகவே. கட்டிலின் காலடியில் வரிசையாக ஏறுகின்றன. மஞ்சள் தூள் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

காய்ச்சல். நடுக்கம் வந்து கட்டிலே ஆடியது. கட்டைப் பிரித்தபோது அந்தப் பழைய ஓட்டை திறந்திருந்தது, பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றும். வாடை வாசல் வரை வந்தது. அம்மா மூக்கைப் பொத்தவில்லை. நானும் பொத்தவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஆம்புலன்ஸில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் கை கொதித்தது.

ஜூலை 29

காலைத் திறந்து கழுவினார்கள். வைத்த எலும்பு முழுவதும் கரைந்து சாம்பல் நிறத்தில் வந்ததாம். டாக்டர் தேவசகாயம் வார்டுக்கே வந்து நின்றார். ஒரே நாளில் வயதானவர் மாதிரி இருந்தார்.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். இந்தக் கிருமி புதுசா வந்தது இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே உள்ள இருந்திருக்கு. அப்புறம் எப்படி டெஸ்ட்ல வரல? நான் வச்ச எலும்பு எல்லாம் அதுக்குச் சாப்பாடாப் போச்சு." எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "ஜூன் மாசம், டெஸ்ட்டுக்கு முன்னாடி, ஏதாவது மாத்திரை போட்டாரா? நான் கோபப்பட மாட்டேன். சொன்னா மருந்தை மாத்திக் குடுக்க உதவும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணும் போடல சார்" என்றான் அண்ணன், கண்ணை மூடியபடி.

டாக்டர் போன பிறகு அவன் கண்ணைத் திறக்கவில்லை. "தண்ணி குடு" என்றான். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2

கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. சிறுநீர் குறைந்துவிட்டது. இன்று அவனுக்கு என் பெயர் தெரியவில்லை. நாற்காலிகளை எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணி முடிப்பதற்குள் தவறிப்போய் மறுபடி தொடங்கினான்.

நயினார் இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலா உயிரா என்று டாக்டர் நேரடியாகவே கேட்டார். அம்மா பேனாவை என்னிடம் நீட்டினாள். கையெழுத்து நான் போட்டேன். இன்று மதியம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13

காய்ச்சல் நின்றுவிட்டது. கஞ்சி குடிக்கிறான். இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்கிறான்; எங்கே சொறிவது என்று என்னிடம் கேட்டான்.

பாபநாசத்து மாமா இன்று வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலின் அந்தப் பக்கம், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். அணை நிரம்பிவிட்டதாம்.

கடைசியில் அண்ணன்தான் தொடங்கினான். "மாமா, நீங்க என்னத்தச் சொல்ல வந்தியன்னு தெரியும். வடிவுக்கு வேற எடம் பாருங்க. எனக்கு வருத்தம் ஒண்ணும் கெடையாது."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னய்யா செய்ய? பெத்தவன்லா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எந்தங்கச்சிய விட்டுராதிய. கொடுத்து எடுக்கதுன்னு பேசுனோம். எடுக்கத மட்டும் செய்யுங்க. கொடுக்க வேண்டாம்."

அம்மா விசும்பினாள். மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத? ஒங்க அண்ணன் இப்படிக் கெடக்கப்ப, ஒனக்குச் சம்மதமா?"

ஆப்பிள்களைக் கழுவிக் கொண்டுவர வேண்டியிருந்தது. எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 22

எனக்கும் நயினாருக்கும் தை மாதம் பாபநாசத்தில் கல்யாணம் நடந்தது. வடிவை அம்பாசமுத்திரத்தில் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தான். செயற்கைக் கால் இன்னும் பழகவில்லை, மேடையில் ஏறவில்லை. டாக்டர் தேவசகாயம் வந்து, எங்கள் இருவரையும் வாழ்த்திவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அந்த மாத்திரையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.